மானியமும் மௌனமும்

"உங்கள் செயற்திட்டத்தினால் உங்கள் சமூகம் அடையும் நன்மை யாது?"

நகரசபைகளின் கலை, கலாசார மானியப் படிவங்களில் ஏதாவது ஒரு வடிவில் இந்தக் கேள்வி இருக்கும். செவன் ஹில்ஸில், ஒரு வீட்டுச் சமையலறை மேசையில், தேநீர்க் கோப்பைகளுக்கு நடுவில் இருந்து இதற்குப் பதில் எழுத முயன்றவர்கள் நாங்கள். எங்கள் திட்டம் எளிமையானது. 1981இல், மே முடிந்து யூன் தொடங்கிய நாட்களில், யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டது. ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அந்த நூலகத்தின் மேசைகளில் இருந்து வாசித்தவர்கள் சிலர் இன்று துங்காபியிலும் பெண்டில் ஹில்லிலும் வெண்ட்வேர்த்வில்லிலும் பேரப்பிள்ளைகளைப் பாடசாலைக்குக் கூட்டிச்சென்று கொண்டிருக்கிறார்கள். ஒவ்வொருவரும் தாம் அங்கே வாசித்த ஒரு நூலைப் பற்றி ஒரு மாலைப்பொழுதில் பேசுவது. பேசியதைத் தொகுத்துச் சிறு நூலாக்குவது. மண்டப வாடகைக்கும் அச்சுக்கூலிக்கும் மானியம் கேட்பது. அவ்வளவுதான்.

முதல் வரைவில் "பொலிசார் நூலகத்தை எரித்தார்கள்" என்று எழுதினோம். இரண்டாவது வரைவில் "நூலகம் எரிக்கப்பட்டது." மூன்றாவதில் "நூலகம் தீயில் அழிந்தது." நான்காவதில் "நாங்கள் எங்கள் நூலகத்தை இழந்தோம்." ஐந்தாவதில் அந்த வசனமே இல்லை. அதன் இடத்தில் "முதியோரின் தனிமையைப் போக்கும் பல்கலாசார வாசிப்பு மாலை" என்றிருந்தது. எழுதியது ஆங்கிலத்தில்தான், ஆனால் எழுவாய் களவுபோன விதம் எந்த மொழியிலும் ஒன்றே. எரித்தவன் முதலில் மறைந்தான். பிறகு எரிப்பு மறைந்தது. நான்காவது வரைவில் நாங்களே எழுவாயானோம், ஏதோ கவலையீனமாக எங்கேயோ தொலைத்துவிட்டவர்களைப் போல.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். இப்படி எழுதுங்கள் என்று எந்த அதிகாரியும் எங்களிடம் கேட்கவில்லை. படிவத்தில் அப்படியொரு தடை இல்லை. தணிக்கை செய்தவர்கள் நாங்கள். மானியம் பற்றிய எங்களவரின் பேச்சு வழக்கமாக இரண்டு விதம்: "வெள்ளைக்காரன் எங்களுக்குத் தரமாட்டான்" என்பது ஒன்று, "எப்படி எழுதினால் தருவான்" என்பது மற்றது. கிடைப்பதற்கு முன்னரே நாங்கள் எதைக் கொடுத்துவிடுகிறோம் என்ற மூன்றாவது கேள்வியை நாங்கள் கேட்பதில்லை. இக்கட்டுரையின் அக்கறை அது.

விண்ணப்பம் ஓர் இலக்கிய வகை. தமிழுக்கு அது புதிதுமல்ல. ஆற்றுப்படைகளும் பரிசில் பாடல்களும் புரவலரிடம் கேட்பதையே ஒரு கலையாக்கியவை. அந்த மரபுக்குள்ளேயே அதன் விமர்சனமும் இருக்கிறது. தன்னைக் காணாமலே அதியமான் அனுப்பிய பரிசிலைப் பெருஞ்சித்திரனார் ஏற்க மறுத்ததைப் புறநானூற்றின் 208ஆம் பாடல் சொல்கிறது. பரிசு சிறிது என்பது அவருடைய குறையல்ல. தன்னை அறியாதவன் எதை மதித்துத் தருகிறான், தான் வணிகனா என்பதுதான் அவருடைய கேள்வி. மானியப் படிவமோ காணாமல் கொடுப்பதற்கென்றே ஏற்பட்டது. முகத்தாட்சணியம் இல்லாமல், எல்லோரையும் ஒரே அளவுகோலால் அளப்பதற்காக அது அப்படி அமைந்தது. அதில் நியாயம் உண்டு. ஆனால் காணாதவருக்குத் தன்னைக் காட்ட முனைபவன், அவர் காண விரும்புவார் என்று தான் ஊகிக்கும் முகத்தையே காட்டுகிறான்.

மானியம் என்ற சொல்லையும் பார்ப்போம். எங்கள் வழக்கில் அது முதலில் நிலம்: கோவிலுக்கும் ஊழியக்காரருக்கும் விடப்பட்ட நிலம். நாங்கள் குடியிருக்கும் இந்த ஊரின் எழுதப்பட்ட வரலாறும் அவ்விதமான மானியத்தோடுதான் தொடங்குகிறது. 1795இல் மத்தியூ பியர்ஸ் என்ற குடியேறிக்கு இங்கே நிலம் வழங்கப்பட்டது. அந்த நிலம் டாருக் மக்களுடையது. அவர்களை யாரும் கேட்கவில்லை. பின்னர் 1816இல், இன்றைய பிளாக்டவுன் பகுதியில், கோல்பி, நுராஜிஞ்சி என்ற இரு ஆதிக்குடியினருக்கு 30 ஏக்கர் கொடுக்க ஆளுநர் மக்குவாரி முன்வந்தார். இந்நாட்டில் ஆதிக்குடியினருக்குக் கிடைத்த முதல் நில மானியம் அது என்பார்கள். காரணம், அவர்களின் நன்னடத்தையும் படையினருக்கு அவர்கள் செய்த உதவியும். அவர்களுடைய நிலத்திலேயே, அவர்களுடைய நன்னடத்தைக்காக! அந்த வரலாற்றின் கொடுமையோடு எங்கள் படிவத்தை ஒப்பிடுவது பொருந்தாது. நன்னடத்தைக்குப் பரிசு என்ற எண்ணம் இந்த மண்ணில் எவ்வளவு பழையது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

இன்று நன்னடத்தையின் பெயர் நல்லிணக்கம். 1960 மார்ச் 21இல் தென்னாபிரிக்காவின் ஷார்ப்வில்லில் பொலிசார் 69 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்த நாளை இனப்பாகுபாட்டை ஒழிக்கும் சர்வதேச தினமாக ஐக்கிய நாடுகள் சபை பிரகடனம் செய்தது. அவுஸ்திரேலியா 1999 முதல் அதே நாளை நல்லிணக்க தினமாகக் கொண்டாடுகிறது. எங்கள் ஐந்து வரைவுகளில் நடந்ததுதான் அந்தத் தினத்தின் பெயருக்கும் நடந்திருக்கிறது. கொன்றவர் இல்லை, கொல்லப்பட்டவர் இல்லை. செம்மஞ்சள் உடுப்பும் உணவுத் தட்டுகளும் இருக்கின்றன. எங்கள் பிள்ளைகள் அந்த மேடைகளில் பரதம் ஆடுகிறார்கள். அதில் குறையில்லை. ஆனால் ஆட்டத்துக்கும் வடைக்கும் கிடைக்கும் மேடை, தமிழில் ஒரு கட்டுரை வாசிப்பதற்குக் கிடைப்பது அரிது. பார்வையாளருக்கு மொழி தெரியவேண்டிய கலைகள் இந்த ஏற்பாட்டில் பின்தள்ளப்படுகின்றன.

இதை எங்களுக்கு முன்னரே விளங்கிக்கொண்டவர் ஒரு சண்டிலிப்பாய்க்காரர். 1958 கலவரத்தின் பின் லண்டனுக்குப் போன அ. சிவானந்தன், தொழிலால் நூலகர். 1981 பிரிக்ஸ்டன் எழுச்சியின் பின் இனச் சிறுபான்மையினரின் அமைப்புகளுக்கு அரச பணமும் நகரசபைப் பணமும் பாயத் தொடங்கியபோது, அதன் விளைவை அவர் கடுமையாக விமர்சித்தார். கறுப்பர் என்ற ஒரே அரசியல் பெயரின் கீழ் ஒன்றாக நின்ற ஆபிரிக்க, கரீபிய, ஆசிய மக்கள், மானியத்துக்காகத் தனித்தனிக் கலாசாரங்களாகப் பிரிந்து, ஒருவரோடொருவர் போட்டிபோடத் தொடங்கினார்கள் என்பது அவருடைய வாதம். பணம் இல்லாமல் இயங்குவது என்னவென்று தெரியாமல் பேசியவரல்லர் அவர். 1972இல் இன உறவுகள் நிறுவனத்தின் ஊழியர்கள் அதன் ஆளுகைச் சபையோடு மோதி வென்றபோது, பெரிய கொடையாளர்களின் பணம் நின்றுபோனது. அதன் பிறகும் அவர்கள் 1974இலிருந்து தங்கள் சஞ்சிகையைப் புதிய பெயரில், புதிய நோக்கோடு கொண்டுவந்தார்கள். சிவானந்தன் 2018இல் காலமானார். அந்தச் சஞ்சிகை இன்னும் வருகிறது.

ஆகவே மானியமே வேண்டாம் என்று முடிக்கலாமா? அது சுலபமான முடிவு, பிழையான முடிவும்கூட. நியூ சவுத் வேல்ஸின் 1993ஆம் ஆண்டு உள்ளூராட்சிச் சட்டத்தின் 356ஆம் பிரிவு, நிதியுதவி வழங்கும் அதிகாரத்தை நகரசபைகளுக்குக் கொடுக்கிறது. அந்த நிதியில் எங்கள் வீட்டு வரியும் இருக்கிறது. கேட்பது உரிமை, பிச்சையல்ல. பொதுப்பணத்தோடு நேர்மையான கலை பிறக்காது என்பதும் உண்மையல்ல. எஸ். சக்திதரனின் 'கவுண்டிங் அண்ட் கிராக்கிங்' நாடகம் 2019 ஜனவரியில் சிட்னி நகர மண்டபத்தில் மேடையேறியது. பெல்வொயர் நாடகக் குழுவும் சிட்னி விழாவும் பொதுநிதியும் சேர்ந்திராவிட்டால் அந்த அளவில் அது சாத்தியமாகியிராது. ஆனால் அந்த நாடகம் 1956ஐ 1956 என்றே சொல்கிறது. 83ஐ 83 என்றே சொல்கிறது. மேடையில் தமிழும் சிங்களமும் பேசப்படுகின்றன. பக்கத்தில் நின்று நடிகர்களே மொழிபெயர்க்கிறார்கள். பார்வையாளருக்காக மொழி மறைக்கப்படவில்லை. 2020இல் விக்டோரிய இலக்கியப் பரிசும் அதற்குக் கிடைத்தது. நாங்கள் அழித்த வசனங்கள் அங்கே கேட்கப்பட்டன. எங்கள் பயத்தில் பாதி எங்களுடைய கற்பனை என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

மீதிப் பாதி வேறிடத்தில் இருக்கிறது. அந்த நாடகத்தின் முதியவர் பாத்திரத்துக்கு மூலமானவர் சக்திதரனின் பூட்டனார் சி. சுந்தரலிங்கம், 1947 அமைச்சரவையில் இருந்தவர். அதே சுந்தரலிங்கம் 1968இல் மாவிட்டபுரம் கந்தசாமி கோவில் வாசலில், ஒடுக்கப்பட்ட சாதியினர் உள்ளே நுழைவதை எதிர்த்து நின்றார். இப்போது படிவத்தின் கேள்விக்குத் திரும்புவோம். "உங்கள் சமூகம்" என்பது எது? வாசலில் நின்று மறித்தவரா, மறிக்கப்பட்டவரா? படிவத்துக்கு இருவரும் ஒரே சமூகம். அதற்கு வேறுவிதமாகத் தெரியவும் வழியில்லை.

நடைமுறை இதை இன்னும் இறுக்குகிறது. பெரும்பாலும் மானியம் பெறுவதற்குப் பதிவுசெய்யப்பட்ட சங்கம் வேண்டும். வர்த்தக இலக்கமும் பொதுப் பொறுப்புக் காப்புறுதியும் முடிவில் கணக்கறிக்கையும் வேண்டும். இவை இல்லாத தனி எழுத்தாளரும் சிறு வாசகர் வட்டமும் ஏதாவது ஒரு சங்கத்தின் குடையின் கீழ் விண்ணப்பிக்கவேண்டும். அதாவது, சங்கத் தலைவரின் கைச்சாத்து இல்லாமல் கவிதை நகராது. தலைவருக்கு ஒவ்வாத அரசியல் பேசுபவர், சாதியை எழுதுபவர், வீட்டுக்குள் நடக்கும் அடியைப் பற்றி எழுதும் பெண், இயக்கத்தையும் அரசையும் ஒருசேர விமர்சிப்பவர் எல்லோரும் அந்தக் குடைக்கு வெளியே நனைகிறார்கள். நகரசபைக்கு இது தெரியாது. அது பணத்தைப் பாதுகாக்கும் ஒழுங்கைத்தான் கேட்டது. அந்த ஒழுங்கை அதிகாரமாக்கிக்கொண்டவர்கள் நாங்கள்.

எங்கள் யோசனை இரண்டு. ஒன்று, விண்ணப்பத்தை முதலில் தமிழில், எங்களுக்குள் பேசும் மொழியில், எழுவாயோடு எழுதுவோம். பிறகு ஆங்கிலமாக்குவோம். இரண்டையும் பக்கத்தில் வைத்து, எந்த வசனம் வழியில் விழுந்தது, அதை விழுத்தியது யார் என்று பார்ப்போம். மற்றது, நூறு விருந்தினரை அழைத்து விழா எடுக்கும் சங்கங்கள், தமக்கு உடன்பாடில்லாத ஒரு சிறு குழுவுக்காவது ஆண்டுக்கொருமுறை குடை பிடிக்கட்டும். அதன் எழுத்தைத் திருத்தாமல் கையொப்பம் இடட்டும். நகரசபையிடம் நாங்கள் எதிர்பார்க்கும் பெருந்தன்மையை முதலில் எங்களுக்குள் காட்டிப் பார்ப்போம்.

ஐந்தாவது வரைவை நாங்கள் கிழித்துப் போட்டுவிட்டோம். முதலாவது வரைவையே, பொலிசாரை எழுவாயாக வைத்து, அடுத்த சுற்றுக்கு அனுப்புவதாக முடிவு செய்திருக்கிறோம். கிடைத்தால் மண்டபத்தில், கிடைக்காவிட்டால் காரை வெளியே விட்டுவிட்டுக் கராஜில் கூடுவோம். வருபவர்கள் அந்த நூலகத்தில் தாம் வாசித்த ஒரு நூலின் பெயரோடு வந்தால் போதும்.