தோம்பில் ஏறிய விசுவாசம்

1658இல் பறங்கியரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்த ஒல்லாந்தர், கோவிற்பற்று என்னும் பங்குகள் தோறும் நின்ற கத்தோலிக்க ஆலயங்களைத் தங்கள் சீர்திருத்தச் சபைக்கு உரியவையாக்கி, அவற்றோடு பள்ளிக்கூடங்களையும் நடத்தினார்கள். சட்டம்பியார் என்ற ஆசிரியர் ஒருவரே எழுத்தையும் செபத்தையும் கற்பித்தார். ஞானஸ்நானத்தையும் கலியாணத்தையும் தோம்பு என்னும் பதிவேட்டில் பதிந்தவரும் அவரே. பிள்ளை பள்ளிக்கு வராவிட்டால் தண்டப்பணம். தோம்பில் ஏறாத கலியாணம் சட்டத்தின் முன் நிற்காது, முதுசச் சொத்தில் சிக்கல் வரும், அரச உத்தியோகமும் கிட்டாது. இந்த ஏற்பாட்டை ஒரேயடியாக இகழ்ந்துவிட முடியாது. ஊரூராகப் பள்ளி வைத்து, அதுவும் தமிழிலேயே கற்பித்த ஆட்சி அக்காலத்தில் அரிது. அந்தத் தோம்புகள் இல்லையென்றால் அன்றைய யாழ்ப்பாணத்தைப் பற்றி நமக்குத் தெரிந்ததில் பெரும்பகுதி தெரியாமலே போயிருக்கும். 1672இல் வெளிவந்த ஒல்லாந்தப் பாதிரியார் பால்டேயஸின் நூலில் தமிழ் மொழிக்கு ஓர் அறிமுகமே இருக்கிறது. மக்களின் மொழியைக் கற்க முனைந்தவர்கள், அதே மக்கள் மனதில் உள்ளதைச் சொல்ல இடம் வைக்கவில்லை என்பதுதான் வியப்பு.

அச்சம் இங்கே செய்த கேட்டைப் பொய்க் கிறிஸ்தவர்களின் தொகையைக் கொண்டு மட்டும் அளந்தால் பாதிதான் தெரியும். சைவ விரதநாளில் சோறுண்ட வாழையிலையை வெளியே எறியாமல் கூரையிறப்பில் செருகி மறைத்தார்கள் என்று யாழ்ப்பாணத்தில் வழிவழியாகச் சொல்வார்கள். அந்த வீட்டுக்காரர் தாம் சைவர் என்பதையாவது அறிந்திருந்தார். அதே கோவிற்பற்றில் கிறிஸ்துவை உள்ளபடியே நம்பிய ஒருவர் இருந்திருந்தால், அவர் நிலைதான் இன்னும் இரங்கத்தக்கது. எல்லோரும் ஒப்புவிக்கும் அதே செபத்தைத்தான் அவரும் ஒப்புவித்தார். அவரது மெய்யைப் பிறர் பொய்யிலிருந்து பிரித்தறிய வழியே இல்லை. மூன்றாம் தலைமுறைப் பேரனுக்கோ, தான் நம்புகிறானா, பழகிவிட்டானா என்பது தனக்கே தெரிந்திராது. சபையும் தப்பவில்லை. தோம்பு நிறைந்திருக்க வேண்டும் என்ற ஆசை, உண்மையைக் கேட்காமலிருக்கும் பழக்கத்தை அதற்குத் தந்தது. 1795இல் ஆங்கிலேயர் வந்து அந்தக் கட்டாயங்கள் நீங்கியதும், ஏட்டில் இருந்த கிறிஸ்தவர்கள் சில ஆண்டுகளிலேயே கரைந்துபோனார்கள்; 137 ஆண்டு உழைப்பு பாழடைந்த ஆலயச் சுவர்களாய் நின்றது.

அச்சம்தானே, ஒல்லாந்தருக்குப் பணியாமல் தம் சமயத்தில் நின்ற சில்லாலை ஊர்க் கத்தோலிக்கரை உறுதியாக்கியது என்று கேட்கலாம். வலுவான கேள்விதான். 1687இல் ஏழைக் கூலியாள் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்த கத்தோலிக்கக் குரு யோசேப் வாஸ் முனிவரை மறைத்துக் காத்தவர்கள் அந்த ஊரார். அவரை 2015இல் திருத்தந்தை பிரான்சிஸ் புனிதராக அறிவித்தார். ஆனால் அவர்கள் உறுதியை அச்சத்தின் கணக்கில் எழுதுவது தவறு. அச்சத்தை மீற அவர்களிடம் வேறொன்று இருந்தது. அது இல்லாதவர்கள் பணிந்தார்கள், பணிந்தவர்களுக்கு ஊர்க்கதையில் இடமில்லை. தெய்வபயம் இல்லாமல் சமயம் உண்டா என்பது இன்னொரு மறுப்பு. உண்மைதான், சைவரும் கிறிஸ்தவரும் அதைப் போற்றுகிறார்கள். ஆனால் உள்ளத்தை அறியும் கடவுளுக்கு அஞ்சுபவர் பொய் சொல்லக் கூசுவார். ஏட்டை மட்டும் பார்க்கும் அதிகாரிக்கு அஞ்சுபவர் பொய் சொல்லியே தீரவேண்டும்.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்த அச்சம் அடியோடு ஒழிந்துவிடவில்லை. மிஷன் படிப்பும் அதனால் வரும் உத்தியோகமும் கைநழுவுமோ என்ற கவலை தண்டப்பணத்தின் இடத்துக்கு வந்தது. 1823இல் தொடங்கிய வட்டுக்கோட்டைச் செமினறி 1855இல் மூடப்பட்டபோது, மாணவர் நாடியது வேதத்தையா ஆங்கிலத்தையா என்ற ஐயமும் அம்முடிவின் பின்னால் இருந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு முக்கியமானது. ஆறுமுக நாவலர் சைவராகவே இருந்துகொண்டு பேர்சிவல் பாதிரியாரின் வேதாகம மொழிபெயர்ப்புக்குத் துணைநின்றார். பிறகு அதே மிஷன்மாரைக் கண்டனம் எழுதி எதிர்த்தார், மிஷன்மாரும் பதில் எழுதினார்கள். கசப்பான சண்டைதான், ஆனால் எவர் எதை நம்புகிறார் என்பதில் யாருக்கும் ஐயம் இருக்கவில்லை.