பழைய வீட்டை வாங்கிப் புதுக்கி விற்பது

பழுதடைந்த வீட்டைக் குறைந்த விலைக்கு வாங்கி, செப்பனிட்டு, சில மாதங்களில் விற்றுவிடும் தொழில் அமெரிக்காவில் வேரூன்றியது. அங்கே புதியவர்களுக்குச் சொல்லித்தரும் கணக்கு எளிது: செப்பனிட்ட பிறகு வீடு என்ன விலைக்குப் போகுமோ அதில் 70 விழுக்காட்டை எடு, பழுதுச் செலவைக் கழி, மிஞ்சுவதற்கு மேல் கொடுக்காதே. இதைச் சென்னையில் அப்படியே போட்டுப் பார்ப்பவர் முதலில் இடறுவது பத்திரப்பதிவில்தான். முத்திரைத்தீர்வையும் பதிவுக் கட்டணமும் சேர்ந்து 9 விழுக்காடு. 60 லட்சம் ரூபாய் வீட்டுக்கு, கொத்தனார் உள்ளே வருமுன்பே 5,40,000 ரூபாய் போய்விடும். 24 மாதங்களுக்குள் விற்றால் லாபத்துக்கு அவரவர் வருமான வரி விகிதம்; தாண்டினால் 12.5 விழுக்காடு, ஆனால் அதுவரை கடன் வட்டி நிற்காது.

மலிவான வீடு தேடுபவர்கள் பெரும்பாலும் வந்து சேரும் இடம் வங்கி ஏலம். கடன் கட்டத் தவறியவரின் அடமானச் சொத்தை வங்கி விற்க வழிசெய்யும் 2002ஆம் ஆண்டு சர்ஃபேசி சட்டப்படி நடக்கும் இந்த ஏலங்களில் விலை குறைவாகத் தெரிவதற்குக் காரணம் உண்டு. வீடு உள்ளது உள்ளபடியே விற்கப்படுகிறது; பல அறிவிப்புகளில் வங்கியிடம் இருப்பது காகிதத்தில் மட்டுமான சுவாதீனம், உள்ளே பழைய உரிமையாளரின் குடும்பமே இன்னும் குடியிருக்கும். ஏலம் எடுத்தவர் அன்றோ அடுத்த வேலை நாளிலோ 25 விழுக்காடு கட்ட வேண்டும். மீதிக்குப் பொதுவாக 15 நாள். கட்டத் தவறினால் அந்த 25 விழுக்காடு முழுவதையும் வங்கி எடுத்துக்கொள்ளலாம் என்று 2024இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வீட்டுக்கடன் கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையில் மட்டும் ஏலம் கேட்பது எனக்கு அச்சமூட்டுகிறது. புதியவர் சுவர் விரிசலைப் பார்க்குமுன் மூலப்பத்திரத்தையும் வில்லங்கச் சான்றிதழையும் பட்டாவையும் வழக்கறிஞரிடம் காட்ட வேண்டும்.

இத்தொழிலின் நன்மையை மறுக்க முடியாது. இடித்துத் தள்ளியிருக்கக்கூடிய கட்டடம் பிழைக்கிறது; பழுதுபார்க்கும் அலைச்சலுக்கு நேரமில்லாத குடும்பத்துக்குக் குடியேறத் தயாரான வீடு கிடைக்கிறது. தளத்து ஒழுகல், கம்பி துரு, கழிவுநீர்க் குழாய் என்று அடிப்படையைச் சரிசெய்பவர் ஈட்டும் லாபம் நியாயமானது. ஆனால் லாபம் விரைவில் வேண்டுமென்ற நெருக்கடி புட்டிக்கும் பெயின்டுக்கும்தான் இழுக்கிறது. உப்பரித்த சுவர் அவற்றின் அடியில் ஒரு மழைக்காலம் வரை மறைந்திருக்கும். வாங்குபவர் சாதாரணக் கவனத்தில் கண்டுபிடிக்க முடியாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்கிறது 1882ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்தின் 55ஆம் பிரிவு. வீடு தேடக் கற்றுத்தரும் பயிற்சிகள் இந்தப் பிரிவிலிருந்துதான் தொடங்க வேண்டும்.