கிரி-கிரி என்னும் குட்டிச்சாத்தான்!

விமானம் என்றாலே அண்ணாந்து பார்த்துத்தான் பழக்கம். கிரி-கிரியைக் குனிந்துதான் பார்க்க வேண்டும்! நீளம் 3.9 மீட்டர், இறக்கை முனைக்கு முனை 4.9 மீட்டர், வெற்று எடை வெறும் 78 கிலோ. இந்தத் துக்குணூண்டு உடம்புக்கு இரண்டு எஞ்சின்கள் வேறு!

பிரெஞ்சுப் பொறியாளர் மிஷேல் கொலொம்பானின் கைவண்ணம் இது. 1973-இல் முதன்முதலாகப் பறந்தது. வீட்டிலேயே கட்டிக்கொள்ள அவர் வரைபடங்களை விற்றார். ஆசையாக ஆரம்பித்தவர்கள் எல்லாரும் முடித்துவிடவில்லை. அப்படிப் பாதியில் நின்ற ஒன்று, பிரான்சின் கிராமத்துக் கொட்டகை ஒன்றில் எனக்குக் கிடைத்தது. இறக்கைகள் தயார், உடல் அரைகுறை, எஞ்சின்கள் அட்டைப்பெட்டிக்குள். விடுவேனா?

அந்த இறக்கையின் அழகை என்னவென்று சொல்ல! நுரைப்பலகையில் வெட்டிய விலாச்சட்டங்கள் மேல் மெல்லிய அலுமினியத் தகட்டை எப்பாக்ஸி பசையால் ஒட்டியிருக்கிறார்கள். அதனால்தான் அத்தனை வழவழப்பு. ஆனால் பழைய பசையை நம்பலாமா? ஒரு நாணயத்தை எடுத்துக்கொண்டு விலாச்சட்டம் ஓடும் இடமெல்லாம் தட்டிக்கொண்டே போனேன். ஒட்டு உறுதியாக இருந்தால் 'டிங்'; விட்டுப்போயிருந்தால் 'தொப்'. இந்த முனையிலிருந்து அந்த முனை வரை ஒரே 'டிங்'தான்! அனுபவஸ்தர் ஒருவரும் தட்டிப் பார்த்துத் தலையாட்டிய பிறகுதான் எனக்கு மூச்சே வந்தது.

எஞ்சின்கள் டூ-ஸ்ட்ரோக், ஒவ்வொன்றும் 15 குதிரைத்திறன். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவி, இறுகிப்போன ரப்பர் குழாய்களை மாற்றியதெல்லாம் சுலபமான வேலை. இரண்டையும் ஒரே வேகத்தில் ஓட வைப்பதில்தான் இருக்கிறது வித்தை. வேகம் கொஞ்சம் பிசகினாலும் 'வ்வாங்... வ்வாங்...' என்று சத்தம் ஏறி இறங்கும். திருகைத் துளித்துளியாகத் திருப்பத் திருப்ப அந்த ஏற்ற இறக்கம் நிதானப்பட்டு, கடைசியில் இரண்டும் ஒரே சுருதியில் சேரும். அடடா! கச்சேரிக்கு முன் இரண்டு தம்புராக்கள் சேர்ந்த மாதிரி!

சோதனைகள், அனுமதிகள் எல்லாம் முடிந்து ஏறி உட்கார்ந்தால், உட்கார்வதா அது? விமானத்தை உடுத்திக்கொள்வது! தோள் இரண்டும் பக்கச்சுவரை உரசும். கண்ணெதிரே இடமும் வலமும் இரண்டு விசிறிகள். தரையை விட்டதும் விரல் நினைத்தால் போதும், திரும்புகிறது. குட்டிக்கரணத்தையும் தாங்குகிற உடம்பு என்பது தெரியும். எனக்குத்தான் இன்னும் தைரியம் வரவில்லை!

2015-இல் மின்மோட்டார் பூட்டிய கிரி-கிரி ஒன்று ஆங்கிலக் கால்வாயையே தாண்டியது. உருவத்தை வைத்து எடை போடாதீர்கள், ஐயா! எங்காவது தார்ப்பாய்க்கடியில் பாதி விமானம் ஒன்று கிடப்பதாகக் காதில் விழுந்தால், ஒரு நாணயத்தோடு ஓடுங்கள். 'டிங்' என்றால் யோசிக்கவே யோசிக்காதீர்கள்!