முளைமாவு போட்ட கஞ்சி

நீராகாரம் மட்டும்தான் என்று டாக்டர் சொல்லிவிட்டால், வீட்டில் முதலில் அடுப்பேறுவது நொய்க்கஞ்சி. அதில் ஒரு சிக்கல். சுலபமாக உள்ளே இறங்கும்படி நீர்க்கக் காய்ச்சினால் ஒரு டம்ளரில் 20 கிராம் அரிசி இருந்தாலே பெரிது; கிடைப்பது சுமார் 70 கலோரி. கெட்டியாக்கினால் நோயாளிக்கு நாலு வாய்க்குமேல் போகாது.

இதற்கு நம் அடுக்களையிலேயே விடை இருக்கிறது: முளைகட்டிய கேழ்வரகு மாவு. ஊறவைத்து, ஈரத்துணியில் கட்டி, வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் காயவைத்து அரைத்தது. அரிசிமாவும் பாசிப்பருப்பு மாவும் சேர்த்துக் களிபோலக் காய்ச்சி இறக்கி, கொதி நன்றாக அடங்கிய பிறகு, சூடு ஆறுமுன் ஒரு ஸ்பூன் முளைமாவைப் போட்டுக் கிண்டிப் பாருங்கள். கரண்டியை விட்டு விழ மறுத்தது சில நிமிடத்தில் இளகித் தாரையாக ஒழுகும். தண்ணீர் ஒரு சொட்டுக்கூடச் சேர்க்கவில்லை! முளையில் ஊறும் அமிலேஸ் நொதி மாவுச்சத்தை வெட்டிவிடுகிறது. கொதிக்கும்போது போட்டால் நொதி வீணாகிவிடும். இளகியபின் மறுபடி ஒரு கொதி, மெல்லிய துணியில் வடிகட்டல், 5 கிராம் நெய்; அந்த நெய்யிலேயே 45 கலோரி.

விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு நீர்த்தது புரையேறும்; பதத்தை டாக்டரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். தலைமாட்டை உயர்த்தி, தொண்டை ஏறி இறங்கியதைப் பார்த்த பிறகே அடுத்த ஸ்பூன்.

கடையில் விற்கும் சத்துபான டப்பாக்களை நான் குறை சொல்லமாட்டேன், அவசரத்துக்கு உதவியவை. ஆனால் நோயில் படுத்திருந்த என் அப்பா கேட்டு வாங்கிக் குடித்தது இந்தக் கஞ்சியைத்தான், இரண்டு கல் உப்பும் துளி சீரகப்பொடியும் போட்டு.