பட்டாசலிற் குதிரையும் புறநானூற்றுக் குதிரையும்

குற்றாலத்துச் சித்திரசபையில் இறைவன் ஓவிய வடிவிலேயே வழிபடப்பெறுகின்றான். அதற்கு அணித்தான தென்காசி வீடுகளிலோ, பட்டாசற் சுவரிற் கண்ணாடிச் சட்டமிட்ட வேறொரு படத்தையும் காண்கின்றோம். ஊர்வோரின்றிப் பாய்ந்தோடும் குதிரைகளின் அச்சுப்படம் அது. குதிரைகள் பெரும்பாலும் ஏழு. ஞாயிற்றின் தேர்க்குதிரை ஏழென்னும் மரபோடு எண் ஒக்கின்றது, தேரைத்தான் காணோம்.

ஆளற்ற குதிரையை ஐரோப்பியப் புனைவியற் கால ஓவியரும் விரும்பித் தீட்டினர். பிரெஞ்சு ஓவியர் ழெரிக்கோ 1817இல் உரோமையில் ஊர்வோரற்ற குதிரைப் பந்தயத்தைக் கண்டு வரைந்தார். 1821இல் அவர் தீட்டிய எப்சம் பந்தயப் படத்திற் குதிரைகள் நாற்கால்களையும் நீட்டி வானிற் பறக்கின்றன. குதிரை அங்ஙனம் ஓடுவதில்லை என்பதை மைபிரிட்ஜின் 1878ஆம் ஆண்டு நிழற்படங்கள் காட்டின. அதனால் ஓவியம் தாழ்ந்துவிடவில்லை. ழெரிக்கோ வரைந்தது விரைவின் மெய்ப்பாடு. அவருடைய குதிரைகளின் கண்ணில் வெருட்சியும் உண்டு. நம் அச்சுப்படமோ வெருட்சியை நீக்கி, மினுமினுப்பை மட்டும் வைத்துக்கொண்டது.

இத்தகைய உணர்ச்சிக் குதிரை பழந்தமிழில் இல்லை, அங்கு அது வெறும் ஊர்தியே என்று வகுப்பறைகளிற் கூறக் கேட்கின்றோம். இக்கூற்று எமக்கு உடன்பாடன்று. புறநானூற்று 273ஆம் பாட்டை நோக்குக. பாடியவர் எருமை வெளியனார். ஏனையோர் குதிரைகளெல்லாம் வந்துவிட்டன. குடுமி வைத்த சிறுவனின் தந்தை ஊர்ந்த குதிரை மட்டும் வரவில்லை. இரண்டு பேராறுகள் கூடுமிடத்தே குறுக்கிட்ட பெருமரம்போல அது வீழ்ந்ததோ என மனைவி கலங்குகின்றாள். சிற்றாற்றில் வெள்ளம் புரளுங்கால் மரங்கள் அலைப்புண்ணுதலைக் கண்டார்க்கு இவ்வுவமையின் கடுமை நன்கு விளங்கும். இரு படைக்கும் இடைப்பட்ட குதிரையின் நிலை முழுதும் அம்மரத்தில் அடங்கிவிட்டது. குதிரையோ பாட்டினுள் ஒருகாலும் கண்ணிற் படுவதில்லை! நாம் காண்பது வீடும் சிறுவனும் காத்திருப்பவளுமே. தும்பைத் திணையிற் குதிரைமறம் எனத் துறை வகுத்தோர் விலங்கின் வீரத்தை நோக்கினர். பாட்டின் உயிரோ மனைவியின் நெஞ்சில் உள்ளது என்பது எம் துணிபு.

ஆள் இல்லாத குதிரை ழெரிக்கோவுக்குக் கட்டற்ற ஆற்றல். இம்மனைவிக்கு அது கைம்மை. அதனையே நாம் மங்கலமெனச் சுவரில் மாட்டியுள்ளோம்.

மினுமினுப்பைப் பற்றியும் ஒன்று சொல்லவேண்டும். 299ஆம் பாட்டிற் பொன்முடியார் போற்றும் குதிரை உழுந்தின் கோது தின்று தளர்நடை நடப்பது. நெய்ச்சோறு உண்ட பகைவர் குதிரைகள் ஒதுங்கி நிற்க, போரிற் கடலைக் கிழிக்கும் தோணிபோற் பாய்ந்தது அதுவே. அக்குதிரையை எந்த அச்சகமும் இதுவரை படமாக்கக் கண்டிலோம்.