மழைக்கோட்டு லெப்டினன்ட்

கொலையாளி யார் என்பதை எடுத்த எடுப்பிலேயே காட்டிவிடும் தொடர் 'கொலம்போ'. அப்புறம் எதற்கு ஒன்றரை மணி நேரம் உட்கார வேண்டும்? பீட்டர் ஃபால்க்குக்காகத்தான். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் லெப்டினன்ட்டாக 1968-இல் முதன்முறை வந்தவர், நடுவில் பத்தாண்டு இடைவெளி விட்டு, 2003 வரை அதே வேடத்தில் நடித்தார்.

அந்த வேடத்தில் பாதி அவர் வீட்டு அலமாரியிலிருந்து வந்தது. நியூயார்க்கில் ஒருநாள் மழையில் மாட்டிக்கொண்டு, 57-ஆவது தெருக் கடையொன்றில் நுழைந்து வாங்கிய மழைக்கோட்டைத்தான் கேமரா முன்னாலும் போட்டுக்கொண்டார். காரும் அவர் தேர்வுதான். ஸ்டூடியோ கராஜில் வரிசையாக நின்ற வண்டிகளில் எதுவும் மனதுக்குப் பிடிக்காமல், மூலையில் சாயம் போய்க் கிடந்த பெஜோ 403-ஐக் கை காட்டியதாக ஃபால்க் நினைவுகூர்ந்திருக்கிறார். நாயைச் சேர்க்கலாம் என்றபோது மட்டும் வேண்டாம் என்றார். கோட்டு, கார், சுருட்டு போதாதா என்பது அவர் கட்சி. சோம்பிப் படுத்திருந்த அந்த பாசெட் ஹவுண்டை நேரில் பார்த்ததும் கட்சி மாறிவிட்டார்.

இவையெல்லாம் ஒப்பனை. நடிப்பு எங்கே இருக்கிறது என்றால், கதவருகே. விசாரணை முடிந்தது என்று பணக்காரக் கொலையாளி பெருமூச்சு விடுவார். வாசல்வரை போன கொலம்போ நிற்பார், நெற்றியில் கை வைப்பார், திரும்புவார்: "இன்னும் ஒரே ஒரு விஷயம்..." இந்தப் புகழ்பெற்ற உத்தி சோம்பேறித்தனத்தில் பிறந்தது. கதாசிரியர்கள் ரிச்சர்ட் லெவின்சனும் வில்லியம் லிங்கும் நாடகமாக எழுதியபோது ஒரு காட்சி நீளம் போதவில்லை. கொலம்போ வெளியேறுவதுவரை டைப் அடித்தாகிவிட்டது. மறுபடி அடிப்பானேன் என்று அவரையே திரும்பி வரவைத்துவிட்டார்கள்!

மூன்று வயதில் புற்றுநோய்க்கு வலது கண்ணைப் பறிகொடுத்தவர் ஃபால்க். கண்ணாடிக் கண்ணோடுதான் கடைசிவரை நடித்தார். தலையைச் சாய்த்து, கண்ணை இடுக்கி அவர் பார்க்கும்போது, எதிராளியைப் பார்க்கிறாரா, பின்னாலிருக்கும் அலமாரியைப் பார்க்கிறாரா என்றே பிடிபடாது. ஸ்கிரிப்டில் இல்லாமலே பாக்கெட்டுகளைத் துழாவிப் பென்சில் தேடுவார். எதிரே நிற்கும் நடிகரின் முகத்தில் தெரியும் எரிச்சல், பல இடங்களில் அசல் எரிச்சல்.

இடைவெளி முடிந்து 1989 முதல் வந்த எபிசோடுகளில் இந்தத் தடுமாற்றம் மிகையாகிவிட்டது என்றே சொல்ல வேண்டும். எழுபதுகளில் வந்தவைதான் சரக்கு. இளம் ஸ்பீல்பெர்க் இயக்கிய 'மர்டர் பை த புக்' 1971-இல் வந்தது. ஆனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் 1973-இன் 'எனி ஓல்ட் போர்ட் இன் எ ஸ்டார்ம்' எபிசோடில் தொடங்குங்கள். ஒயின் பித்தராக டொனால்ட் ப்ளசன்ஸ், ஃபால்க்குக்குச் சரிக்குச் சரி நிற்கிறார்.