ஆடத் தெரியாதா? அப்படியானால் நீங்கள்தான் வரவேண்டும்!

பெங்களூரு அல்சூரில் நான் குடியிருக்கிறேன். எங்கள் சமுதாயக் கூடத்தில் சனிக்கிழமை மாலை நடக்கும் நடன அசைவு சிகிச்சை வகுப்பைப் பற்றிப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொல்லித் தீர்த்துவிட்டேன். இன்னும் அடங்கவில்லை, அதனால் எழுதுகிறேன்!

அடவு கிடையாது, சுவர்க் கண்ணாடி கிடையாது, சலங்கை கிடையாது. வட்டமாக நிற்போம், முடியாதவர்களுக்கு நாற்காலி. முதலில் மூச்சு, தோள், பாதம் என்று ஒவ்வொன்றாகக் கவனிக்கச் சொல்வார் ஆசிரியை. பிறகு ஒருவர் தோன்றியபடி அசைய, மற்றவர்கள் அதை அப்படியே வாங்கிச் செய்வோம். இவ்வளவுதானா என்று தோன்றும். ஆனால் வீட்டில் தன் பேச்சுக்கு யாரும் காது கொடுக்காத ஒரு பெண் கையை உயர்த்த, கூடமே அவளோடு கையை உயர்த்தும்போது அவள் முகத்தைப் பார்க்கவேண்டுமே! கடைசியில் உட்கார்ந்து, மனதில் ஓடியதைச் சொல்லலாம், சொல்லாமலும் இருக்கலாம்.

இந்த முறைக்கு நல்ல பரம்பரை உண்டு. 1942இல் வாஷிங்டனில் உள்ள செயின்ட் எலிசபெத்ஸ் மனநல மருத்துவமனையில் நடனக் கலைஞர் மேரியன் சேஸ் வேலைக்குச் சேர்ந்தார். பேச்சை நிறுத்திவிட்ட நோயாளிகளோடு அவர்களுடைய அசைவு வழியாகவே உரையாடினார். 1966இல் அமெரிக்க நடன சிகிச்சைச் சங்கம் பிறந்தபோது அதன் முதல் தலைவரும் அவரே. அமெரிக்காவில் பயின்று வந்து இங்கே இத்துறைக்குப் பாதை போட்டவர்களில் ஒருவர் பெங்களூரின் திரிபுரா காஷ்யப். 2005இல் இதற்கென்றே ஆங்கிலத்தில் கையேடு எழுதினார். கொல்கத்தாவில் சோகினி சக்கரவர்த்தி 2004இல் தொடங்கிய 'கொல்கத்தா சன்வேத்', கடத்தலிலிருந்து மீட்கப்பட்ட பெண்களுக்கு அசைவு வழியே தெம்பு கொடுக்கிறது. அப்படி மீண்ட பெண்களே பின்னர் பயிற்சியாளர்களாகவும் ஆனார்கள் என்பதுதான் என்னைச் சிலிர்க்க வைக்கிறது.

என் அத்தைக்குப் பார்கின்சன் நோய். வாசற்படி வந்தால் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். வகுப்பில் எல்லோரும் கைதட்டி 'தகதிமி' சொல்ல, அந்தத் தாளத்தில் காலை எடுத்து வைத்தார்! உள்ளே தடுமாறும் நடையின் கணக்கை வெளியிலிருந்து வரும் தாளம் எடுத்துக் கொடுக்கிறது என்றார் ஆசிரியை. இப்போது வீட்டிலும் படியருகே அத்தை தானே முணுமுணுத்துக்கொள்கிறார். நோய் போய்விடவில்லை. மாத்திரைகள் வேளை தவறாமல் தொடர்கின்றன. ஆனால் கூடத்துக்குப் புறப்பட முதலில் செருப்பு மாட்டுவது அவர்தான்.

ஆரம்பத்தில் சுவரோரம் ஒதுங்கி நின்ற சில பெண்கள்தான் வந்தார்கள். பிறகு அவர்களே அக்கம்பக்கத்தை இழுத்து வந்தார்கள். இன்று ஐ.டி.ஐ. தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற பெரியவர், சவாரி முடித்த ஆட்டோ ஓட்டுநர், நோயாளியைக் கவனித்தே களைத்துப்போன மகள் என்று கூடம் நிறைகிறது. ஆட்டிசம் உள்ள பிள்ளைகளுக்குக் காலையில் தனி வகுப்பு வந்துவிட்டது. இளையராஜா ஒலித்தால் அடுத்தது ராஜ்குமார். தமிழும் கன்னடமும் தெலுங்கும் உருதும் ஒரே தாளத்தில்!

ஒரே ஓர் எச்சரிக்கை. சினிமாப் பாட்டுக்குக் குதிக்கவைத்து அதையே 'சிகிச்சை' என்று விற்பவர்களும் உண்டு. நடத்துபவர் எங்கே பயிற்சி பெற்றார் என்று கூச்சப்படாமல் கேளுங்கள். மருத்துவர் தந்த மருந்தை இதற்காக நிறுத்தாதீர்கள். மற்றபடி, வசதியான ஓர் உடை போதும். உங்கள் பகுதியில் இப்படி ஒரு வகுப்பு இருந்தால் இந்த வாரமே போய்ப் பாருங்கள். வீட்டிலேயே முடங்கிக் கிடக்கும் ஒருவரையும் கைப்பிடித்து அழைத்துப் போங்கள்.